கேவியட் போட்டால் வழக்கு நிற்குமா?

கேவியட் என்பது, 'எதிராளி மனு போட்டால் என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று கோர்ட்டில் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் மனு. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து நிலத் தகராறோடு வக்கீல் அலுவலகம் வருகிறவர்கள், "கேவியட் போட்டாச்சு, இனி அவன் கேஸ் போட முடியாது" என்பார்கள். தாராளமாகப் போடலாம். "பத்திரம் பதிய முடியாது" என்பார்கள். பதியலாம், இது வில்லங்கச் சான்றில் ஏறுகிற சங்கதியே அல்ல. போலீஸ் புகாரையும் இது தடுக்காது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 148ஏ பிரிவு தரும் பாதுகாப்பு சின்னது: எதிராளி இடைக்கால மனு (வழக்கு முடியும் முன்பே தடை போன்ற உத்தரவு கேட்கும் மனு) போட்டால் கேவியட் கொடுத்தவருக்கு நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மனு நகலை எதிராளி தர வேண்டும், நகல் செலவு கேவியட் கொடுத்தவருடையது. சின்னது என்றாலும் இந்தக் கரையில் அதற்கு மதிப்பு உண்டு. பனந்தோப்பும் தென்னந்தோப்பும் பாகம் பிரியாமல் கிடக்கும். பங்காளிகளில் ஒருவர் துபாயில் இருப்பார். ஒருதலைப்பட்சமாகத் தடையுத்தரவு வாங்கி வேலியும் போட்டுவிட்டால், அவர் காதுக்குச் செய்தி போகவே நாளாகும்.

மனு எழுதுவது எளிது. கோட்டை விடுவது பெயரில்தான். புது வழக்கு வந்ததும் கோர்ட் ஊழியர் கேவியட் இருக்கிறதா என்று பெயரை வைத்துத் தேடுவார். கேவியட்டில் 'செய்யது இபுராகிம்', வழக்கில் 'சையத் இப்ராஹிம்' என்றிருந்தால் கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். பட்டா, ஆதார், ரேஷன் கார்டு மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ, 'என்கிற' போட்டு அத்தனையையும் எழுத வேண்டும். அண்ணன் மேல் மட்டும் கேவியட் கொடுத்தால் தங்கை வழக்குப் போட்டுவிடுவார். வழக்குப் போடக்கூடிய எல்லோரையும் சேர்ப்பதே சரி. பட்டா மாறுதலில் உட்பிரிவு எண் மாறியிருக்கும், ஆகவே பழைய எண், புதிய எண், நான்கெல்லை மூன்றும் சொத்து விவரத்தில் வேண்டும்.

அடுத்தது எந்த கோர்ட் என்பது. சொத்துக்கு மதிப்புப் போடுவது வழக்குப் போடுகிறவர், அந்த மதிப்பை வைத்தே கோர்ட் அமையும். வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போகுமா, சப் கோர்ட்டுக்குப் போகுமா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டிலும் கொடுத்துவிடலாம். நிலம் இருக்கும் எல்லைக்குரிய கோர்ட்டையும் பார்க்க வேண்டும்; தொண்டி நிலம் திருவாடானை தாலுகா என்பதை மறக்கக்கூடாது.

சட்டம் சொல்கிறபடி எதிராளிக்கு ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, ரசீதை மனுவோடு இணைக்க வேண்டும். 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பி வரும் கவரைப் பிரிக்காமல் அப்படியே வழக்குக் கட்டோடு வைப்பது நல்லது. பிரித்த கவருக்குள் என்ன இருந்தது என்று பிறகு யாரும் கேட்கலாம்.

ஆயுள் 90 நாள். கணக்கு தாக்கல் செய்த தேதியிலிருந்து ஓடும், தபால் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து அல்ல. அதற்குள் எதிராளி மனு வராவிட்டால் கேவியட் காலாவதி. பழையதை நீட்டிக்க வழியில்லை, புது மனு, புது அறிவிப்பு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். 85ஆம் நாளுக்கு டைரியில் குறித்து வைக்காத குமாஸ்தா திட்டு வாங்கத் தயாராக இருக்கலாம்.

எல்லாத் தகராறுக்கும் கேவியட் போடச் சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தத் தபால் எதிராளியை உசுப்பிவிடும். சும்மா இருந்தவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தன் வக்கீலிடம் போவார். வாய்த்தகராறு முற்றி, சர்வேயரைக் கூட்டி வந்து அளக்கிற அளவுக்குப் போயிருந்தால் போடலாம். அதற்கு முன் அவசரமில்லை.