அருவி எங்கே என்று கேட்டார்கள்

காலையில் அலுவலகம் வந்து கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது இன்பாக்ஸைத்தான். லைக் எண்ணிக்கையை மத்தியானம் பார்த்தால் போதும். இந்தப் பழக்கம் வருவதற்கு எனக்கு நாலு வருடம் பிடித்தது.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி மொரிஷியஸில் கத்ர் போர்ன் ஊருக்கு வந்தேன், 2017-லிருந்து இங்கே ஒரு சின்ன சுற்றுலா நிறுவனத்தின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். படம் போடுவது, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது, வருகிற கமெண்டுக்குப் பதில் சொல்வது, இவ்வளவுதான் வேலை. பிரெஞ்சுப் பதிவுகளை என் மேஜைக்கு எதிர்மேஜைப் பெண் பார்த்துக்கொள்வாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் போன வாரம் எத்தனை லைக், எத்தனை ஷேர் என்று கேட்பார்கள். எண் கூடியிருந்தால் சந்தோஷம், குறைந்திருந்தால் ஏன் என்று கேள்வி. அதனால் நானும் எண் எதில் கூடுமோ அதையே தேடித் தேடிப் போட்டேன்.

முதலில் எனக்குப் புரிய ஆரம்பித்தது ஒரு ரூபாய் நோட்டால். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, நூறு ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரின் படமே இருக்கிறது. 1998-ல் அச்சடித்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்று, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். இந்தக் கதையோடு ஒரு நோட்டைப் படம் பிடித்துப் போட்டேன். அன்று ராத்திரி என் செல்போன் ஓயவே இல்லை. மதுரை, சென்னை, கோலாலம்பூர், டர்பன் என்று எங்கெங்கிருந்தோ 'பெருமையாக இருக்கிறது', 'வாழ்க தமிழ்' என்று குவிந்துகொண்டே இருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் அத்தனை பேரில் விசா வேண்டுமா, எந்த மாதம் வரலாம் என்று கேட்டவர் ஒரே ஒருவர். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை, மும்பையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது என்று அவருக்கு எழுதினேன். அவர் வந்தார். மற்றவர்கள் பகிர்ந்தது தங்கள் பெருமையைப் பகிர்ந்தது, அது நல்ல விஷயம்தான், ஆனால் பயணம் என்பது வேறு.

அப்புறம் அந்த அருவி.

தீவின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் மலை இருக்கிறது, 556 மீட்டர் உயரம், கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதன் அருகே கடலில், வானத்திலிருந்து பார்த்தால், தண்ணீருக்கு அடியில் ஒரு பெரிய அருவி பாதாளத்துக்குள் கொட்டுவது மாதிரி தெரியும். உண்மையில் அருவி ஒன்றும் கிடையாது. பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலிலிருந்து மணலும் வண்டலும் நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போய், அந்த ஆழமில்லாத தளம் முடிகிற இடத்தில் ஆழத்துக்குச் சரிகின்றன. வெளிர்ப்பச்சை, நீலம், கருநீலம் என்று நிறம் மாறுவதும் மணல் சரிவதும் சேர்ந்து கண்ணுக்கு அருவியாகத் தெரிகிறது. ஹெலிகாப்டரில் போனால் பார்க்கலாம். கரையில் நின்றால் சாதாரணக் கடல்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் 'கடலுக்குள் ஓர் அருவி! நேரில் வந்து பாருங்கள்' என்று மட்டும் எழுதிப் படத்தைப் போட்டேன். அந்த வருடம் அதுதான் எங்கள் பக்கத்தில் அதிக லைக் வாங்கிய பதிவு.

இரண்டு மாதம் கழித்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், மகனின் அம்மா. தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் ஒருநாள் கூடப் போய் வா என்று என்னை அனுப்பினார்கள். லெ மோர்ன் கடற்கரையில் வண்டி நின்றது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் கொஞ்ச தூரம் நடந்தார், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு தூரத்தில் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏனுங்க, அந்த அருவி எங்கங்க இருக்குது?" என்றார். மகன் செல்போனை எடுத்து எங்கள் பதிவையே எனக்குக் காட்டினார். அதைச் சேமித்து வைத்திருந்தார். ஹெலிகாப்டரில் போனால்தான் தெரியும் என்று சொன்னேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். மூன்று பேருக்கு அது அவரால் ஆகாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை, திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அந்த அம்மாதான், "பரவாயில்லை விடுங்க, கடலே அழகாத்தான் இருக்குது" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் பதிவின் கீழே இருந்த கமெண்டுகளை முதல் தடவையாக வரி விடாமல் படித்தேன். நூற்றுக்கணக்கான இதயங்களுக்கு நடுவில் ஐந்தாறு பேர் 'இது கரையிலிருந்து தெரியுமா?' என்று கேட்டிருந்தார்கள். ஒருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு கமெண்ட் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் இருந்தது, இந்த ஊர்ப் பெண் ஒருவர் எழுதியது. என் கணவர் படித்துப் பொருள் சொன்னார். 'அந்த மலைக்குப் பக்கத்தில் அருவி காட்டுகிறீர்கள், அந்த மலையில் ஒளிந்து வாழ்ந்த எங்கள் முன்னோரைப் பற்றி ஒரு வரி எழுத உங்களுக்கு மனம் வரவில்லையா' என்று கேட்டிருந்தார். லெ மோர்ன், தப்பித்து ஓடிய அடிமைகள் தஞ்சம் புகுந்த மலை. 1835 பிப்ரவரி 1-ல் அடிமை முறை ஒழிந்தது, அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவர்களையே பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று இங்கே வாய்வழியாகச் சொல்வார்கள். 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அருவிப் படத்துக்காக இல்லை, இந்த நினைவுக்காக. எங்கள் பதிவைப் பார்ப்பவர்கள் பயணிகள் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அந்த மண்ணின் மக்களும் பார்க்கிறார்கள், தங்கள் ஊரை நாங்கள் எப்படிச் சொல்கிறோம் என்று பார்க்கிறார்கள்.

மறுநாள் பதிவைத் திருத்தினேன். ஆகாயத்திலிருந்து எடுத்த படம், கரையில் நின்றால் தெரியாது என்பதை முதல் வரியிலேயே வைத்தேன். மலையின் கதையை நாலு வரியில் எழுதினேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன். அதற்குப் பிறகு அதே இடத்தைப் புதிதாகப் போட்டபோது லைக் பாதிகூட வரவில்லை, திங்கட்கிழமைக் கூட்டத்தில் நல்ல பேச்சு வாங்கினேன். ஆனால் வந்த கேள்விகள் எல்லாம் கிளம்பத் தயாராகிறவர்களின் கேள்விகள்: நிழல் இருக்குமா, கழிப்பறை எங்கே, சின்னப் பிள்ளை இறங்கலாமா, பஸ் போகுமா.

வேறு ஊர்களிலும் இதே சங்கடம்தான். 2021 ஜனவரியில் நியூசிலாந்தின் சுற்றுலா அமைப்பே, சமூக வலைத்தளத்தில் பார்த்த அதே இடத்தில் அதே மாதிரி நின்று படம் எடுக்காதீர்கள், வேறு ஏதாவது பாருங்கள் என்று ஒரு காணொளி வெளியிட்டது. 2024-ல் ஜப்பானில், ஒரு கடைக்குப் பின்னால் ஃபூஜி மலை தெரிகிற இடத்தில் கூட்டம் தாங்காமல் மலை தெரியாதபடி கறுப்புத் திரையே கட்டினார்கள். ஒரு படம் ஊரையே எவ்வளவு சின்னதாக்கிவிடுகிறது பாருங்கள்.

2020 ஆகஸ்டை நான் சொல்லாமல் விட முடியாது. ஜூலை 25-ல் வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்கே புவாந்த் தெஸ்னி பக்கம் பவளப்பாறையில் மோதி நின்றது, ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசிய ஆரம்பித்தது, மொத்தம் ஆயிரம் டன் அளவுக்குக் கடலில் கலந்தது. கொரோனாவால் மார்ச்சிலிருந்தே எல்லை மூடியிருந்தது, பயணிகளே இல்லை. நாங்கள் பழைய படங்களை வரிசைப்படுத்தி, தேதி குறித்துத் தானாக வெளியாகும்படி வைத்திருந்தோம். எண்ணெய் கசிந்த மறுநாள் காலை, அதே பக்கம் இருக்கும் ப்ளூ பேயில் கண்ணாடி அடிப்பலகைப் படகில் மீன் பார்க்கும் படம் தானாகவே வெளியாகிவிட்டது. 'அங்கே எண்ணெய் நாறுகிறது, நீங்கள் என்ன போடுகிறீர்கள்' என்று கமெண்ட். அந்தக் கமெண்டை நீக்கிவிடச் சொன்னார்கள். நான் கமெண்டை விட்டுவிட்டுப் படத்தை நீக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் கணவரும் மாஹேபூர் கடற்கரைக்குப் போனோம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் தரையில் உட்கார்ந்து, காய்ந்த கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து நீளமாகத் தைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, எண்ணெயைத் தடுக்கத் தடுப்பு செய்துகொண்டிருந்தார்கள். தோகை கையைக் கிழிக்கும். எனக்கு எதிரே இருந்த பாட்டியம்மாவின் இரண்டு கைகளை மட்டும் அவரிடம் கேட்டுப் படம் எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். எங்கள் பக்கத்துக்கு வந்ததிலேயே அருமையான பதில்கள் அதற்குத்தான் வந்தன. பிரான்சிலிருந்தும் பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்தும் முன்பு வந்துபோனவர்கள், ஆல்பத்திலிருந்த பழைய படங்களைச் செல்போனில் படம் பிடித்து, 'தேனிலவுக்கு வந்தோம், இதே கடல்', 'என் மகன் இங்கேதான் நீந்தக் கற்றுக்கொண்டான்' என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். எப்படி உதவலாம் என்று கேட்டார்கள். எல்லை 2021 அக்டோபர் 1-ல் முழுதாகத் திறந்தபோது முதலில் எழுதியவர்களில் அவர்களில் சிலர் இருந்தார்கள்.

ஒன்று எனக்கே சரியாகத் தெரியாமல் செய்தது. தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை, பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுப்பார்கள். நாக்கில் வேல் குத்திய ஒரு இளைஞனின் முகத்தை நெருக்கமாக எடுத்துப் போட்டேன். 'டிக்கெட் எவ்வளவு, எங்கே வாங்குவது' என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டார். அதைப் பார்த்துவிட்டுக் கோயில் பெரியவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "பிள்ளை, அவன் விரதம் இருந்தவன், அவனை வேடிக்கை ஆக்காதே" என்றார், கிரியோலும் தமிழும் கலந்து, கோபமே இல்லாமல். உடனே எடுத்துவிட்டேன். இப்போது தைப்பூசப் பதிவில் பால்குடம், பூக்காவடி, பின்னால் நடந்துவரும் குடும்பம், அப்புறம் வாழையிலையில் ஏழு வகைக் காய்கறிச் சாப்பாடு. யாரும் வரலாம், செருப்பு வேண்டாம், முகத்தருகே கேமராவை நீட்ட வேண்டாம் என்றும் எழுதுகிறேன்.

இன்பாக்ஸில் வருகிற கேள்விகளிலேயே ஊர் தெரிந்துவிடும். ஐரோப்பாக்காரர்கள் காற்றைப் பற்றிக் கேட்பார்கள், ஜூலை ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் பலமாக அடிக்கும், மேற்குப் பக்கம் தங்குங்கள் என்று சொல்வோம். தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே ராத்திரி பத்தரைக்கு மேல், இங்கே ஒன்பது மணி, வீட்டு வேலை முடிந்து சாவகாசமாக உட்கார்ந்து எழுதுவார்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பது முதல் கேள்வி. அதற்குத்தான், பருப்பை உள்ளே வைத்துச் சுடும் தால் பூரியின் படம் போட்டேன்: பஸ் நிலையத்தருகே, தாளில் மடித்துக் கொடுத்த ஜோடிப் பூரி, மஞ்சளாக எண்ணெய் ஊறிய தாள், ஓரத்தில் வழியும் அவரைக்கொட்டைக் கறி, என் கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்தது. நீச்சல்குளப் படத்தைவிட லைக் குறைவு, ஆனால் சேமித்து வைத்தவர்கள் அதிகம். யார் சேமித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, எண்ணிக்கை மட்டும் தெரியும். அந்த எண்ணைத்தான் இப்போது நான் நம்புகிறேன்.

போன மாதம் திருச்சியிலிருந்து ஒருவர், எங்கள் ஊர் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயில் படத்தைப் பார்த்துவிட்டு, 'அம்மாவுக்கு முழங்கால் வலி, எத்தனை படி, நடுவில் உட்கார இடம் உண்டா' என்று கேட்டார். உத்தேசமாக ஏதாவது எழுதியிருக்கலாம். கோயம்புத்தூர் அம்மா நினைவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நானே போய்ப் படிகளை எண்ணி, நிழல் விழும் இடங்களையும், கைப்பிடி இருக்கிற பக்கத்தையும், நின்று மூச்சு வாங்கக்கூடிய இடங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினேன். எந்தப் படமும் அழகாக இல்லை. ஒன்றில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்கூட இருந்தது. அவரிடமிருந்து பதில் வர மூன்று நாளாயிற்று. 'அம்மாவிடம் காட்டினேன். இரண்டாவது படத்தில் இருக்கிற திண்ணை வரைக்கும் வந்துவிடுவேன், அங்கேயிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார்கள். டிக்கெட் போட்டுவிட்டோம்.'