எனக்கு நானே கொடுத்துக்கொண்ட 14 வாரம்

மூத்தவள் பிறந்த பதினோராம் நாள் நான் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். ஒரு புத்தகத்தின் கடைசி ப்ரூஃப் காத்திருந்தது, அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அச்சகத்தில் தேதியும் குறித்தாகிவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "பரவாயில்லை மேடம், மெதுவாகக் கொடுங்கள்" என்றுதான் வாடிக்கையாளர் சொன்னார். மெதுவாகக் கொடுத்தால் அடுத்த வேலை வேறு யாருக்காவது போய்விடும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பக்க வடிவமைப்புதான் என் தொழில். புத்தகம், ஆண்டறிக்கை என்று அச்சுக்குப் போகிற எதையும் லே-அவுட் செய்து கொடுப்போம். சொந்தத் தொழில் என்றால் நேரம் நம் கையில் இருக்கும், குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது பாதி உண்மை. பகலில் விட்ட வேலை எங்கேயும் போய்விடாது, ராத்திரி வந்து நிற்கும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி என்று வைத்தாலே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அதற்கே போகிறது, துணி மாற்றுவதும் தூங்க வைப்பதும் தனி. இதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. வழக்கம்போல எட்டு மணி நேர வேலைக்கு ஒத்துக்கொண்டு, குறைந்ததையெல்லாம் என் தூக்கத்திலிருந்து எடுத்தேன்.

அவளுக்கு நாலு மாதம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பினேன். திருத்தம் போட்ட ஃபைலுக்குப் பதில் அதற்கு முந்தையது போய்விட்டது. ஒரே தாளில் சேர்த்து அடிக்கிற 16 பக்கத் தொகுதி, அதாவது ஃபாரம், ஒன்று முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று, காகிதச் செலவும் அச்சுக்கூலியும் என் தலையில். அந்த மாத லாபம் அதோடு போனது. ஆனால் இன்றைக்கும் என்னை உறுத்துவது பணம் இல்லை. தவறு தெரிந்ததும் அவளைப் படுக்கையில் கிடத்திவிட்டு அச்சகத்தோடு போனில் பேச ஆரம்பித்தேன், அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று எனக்குத் தெரியாது. என் காதில் விழவே இல்லை.

நேரத்தைப் பிரித்துத் திட்டமிடு என்றார்கள். அட்டவணை போட்டுப் பார்த்தேன், மூன்று நாள்கூட நிற்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, சிக்கல் நேரத்தில் இல்லை. எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது, விலை சொல்வது, ஃபைலைச் சரிபார்ப்பது, பாக்கி கேட்பது என்று எதுவானாலும் நான் பார்த்தால்தான் நகரும்படி தொழிலைக் கட்டி வைத்திருந்தேன். என்னிடம் வேலை பார்த்த பெண் கெட்டிக்காரி, ஆனால் அவளாக ஒரு முடிவெடுக்க நான் விட்டதே இல்லை.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தபோது, மகப்பேறு விடுப்பு பற்றித் தேடிப் படித்தேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது 14 வாரம் விடுப்பு வேண்டும் என்கிறது. அதில் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் கட்டாயம். முந்தைய வருமானத்தை வைத்து விடுப்புக் காலப் பணப்பலனைக் கணக்கிடுகிற இடங்களில் அது அந்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. பதினோராம் நாள் ஞாபகம் வந்தது, அழுகையும் வந்தது. அந்த உடன்படிக்கை ஒருவரிடம் வேலை பார்க்கிற பெண்களுக்கானது. எனக்கு முதலாளி நான்தான். சரி, அப்படியென்றால் நான்தான் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

14 வாரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஒன்பது வார வருமானத்துக்குக் கொஞ்சம் மேலே. எனக்குக் கிடைப்பதில் 12 சதவீதத்தை ஒன்றரை வருடம் எடுத்து வைத்தால் அது சேர்ந்துவிடும். தனிக் கணக்கு தொடங்கி, பணம் வந்த அன்றைக்கே மாற்றினேன், மாதக் கடைசி வரை வைத்திருந்தால் அது தங்காது. கட்டணத்தையும் ஏற்றினேன். கை நடுங்கத்தான் ஏற்றினேன், ஆனால் என் விடுப்பும் இந்தத் தொழிலின் செலவுதான், காகிதமும் மின்சாரமும் போல.

பணத்தைவிடக் கஷ்டம் வேலையைக் கைமாற்றுவது. என் தலைக்குள் இருந்ததையெல்லாம் எழுதினேன். ஃபைலுக்குப் பெயர் வைப்பது எப்படி, அச்சகத்துக்கு அனுப்பும் முன் யார் இரண்டாவது தடவை பார்ப்பது, எந்த வாடிக்கையாளர் கடைசி நிமிடத்தில் படத்தை மாற்றுவார் என்பது வரை. நாலு மாதம் முன்னாலேயே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிட்டேன். ஒருவர் போய்விட்டார், பெரிய ஆள்தான், வலித்தது. மற்றவர்கள் இருந்தார்கள்.

சின்னவன் பிறந்து 14 வாரமும் வீட்டில் இருந்தேன். எட்டாவது வாரம் ஒரு புத்தகம் ஒரு வாரம் தாமதமானது, அதற்கு மட்டும் போனில் பேசினேன். கணவர் இந்தத் தடவை ராத்திரி வேலையை முழுசாக எடுத்துக்கொண்டார். அதை உதவி என்று நான் சொல்வதில்லை, அவருக்கும் பிள்ளைதானே. அப்புறம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், மிச்சம் இருந்த 12 வாரமும் அரை நாள்தான் வேலை. எடுத்து வைத்த தாய்ப்பால் வெளியே நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள் கெடாமல் இருக்கும். அந்த நாலு மணியை வைத்துத்தான் கூட்டங்களுக்கு நேரம் சொன்னேன். "அதற்கு மேல் முடியாது, பால் கொடுக்க வேண்டும்" என்று வாய்விட்டே சொன்னேன். மூத்தவள் காலத்தில் "வேறு மீட்டிங் இருக்கிறது" என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு இப்போது ஆறு வயது. அவளுக்குக் கொடுக்காத அந்த வாரங்களை இவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்ற எண்ணம் அடிக்கடி வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனை அணைத்துவிட்டு அவளோடு உட்காருகிறேன், அவ்வளவுதான்.

போன வாரம், என்னிடம் வேலை பார்க்கிற அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டாள்: "அக்கா, நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை வந்தா, இந்த 14 வாரம் எனக்கும் உண்டா?" உண்டு என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு கால்குலேட்டரை எடுத்தேன். அவள் சம்பளத்துக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டுமென்றால், அவளுடைய இடத்துக்கு ஆள் வைக்கிற செலவோடு, 12 சதவீதம் போதாது. கட்டணத்தை இன்னொரு தடவை ஏற்ற வேண்டும். அந்தக் கடிதத்தைத்தான் இன்று ராத்திரி, பிள்ளைகள் தூங்கியதும், எழுதப்போகிறேன்.