பேண்ட் போட்டாச்சு, ஃபில் போடப் போகிறவர்களுக்கு

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு கீழக்கரைக்குத் திரும்புகிறவர்களில் உடம்பைக் குறைக்க வயிற்றில் பேண்ட், அதாவது இரைப்பையைச் சுற்றி ஒரு வளையம், வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு, அதில் நானும் ஒருவன். எனக்கு துபாயில் வைத்தார்கள். ஊருக்கு வந்ததிலிருந்து இதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஆபரேஷனைத்தான் கேட்கிறார்கள், எவ்வளவு செலவு, எத்தனை நாள் படுக்கை, தழும்பு தெரியுமா என்று. அதற்கப்புறம் மாதக்கணக்கில் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டிய ஃபில்லைப் பற்றி, அதாவது வளையத்தை இறுக்க ஊசியில் சலைன் என்கிற உப்புநீர் ஏற்றுவதைப் பற்றி, யாருமே கேட்பதில்லை. பேண்டைப் பொறுத்தவரை முக்கால்வாசி வைத்தியமே அதில்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். சிலிகானில் ஒரு வளையம், அதை இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டிவிடுகிறார்கள், இரைப்பை உடுக்கை மாதிரி இடுங்கிக்கொள்ளும். மேலே 15 முதல் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பை, கீழே மிச்ச இரைப்பை. வளையத்தின் உள்பக்கம் பலூன் மாதிரி உப்பக்கூடியது, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து வயிற்றுத் தோலுக்கு அடியில், தசையோடு தைத்து வைத்திருக்கிற போர்ட் என்கிற சின்ன டப்பியில் முடிகிறது. அந்தப் போர்ட்டில் ஊசியைக் குத்தி சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். ஆபரேஷன் அன்று பெரும்பாலும் இதைக் காலியாகத்தான் விடுவார்கள், உள்ளே வீக்கம் வடிந்து புண் ஆற வேண்டும் என்பதற்காக. முதல் ஃபில் நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான். இடையில் பசி பழையபடி வரும், கொஞ்சம் நிறையவே சாப்பிட முடியும். ஐயோ, ஆபரேஷன் பலிக்கவில்லையே என்று அப்போது பயந்துபோகிறவர்கள் நிறைய. பலூன் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

ஃபில் போடுவது பெரிய காரியம் இல்லை, மயக்க மருந்து கிடையாது. மேசையில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார்கள், தலையைக் கொஞ்சம் தூக்குங்கள் என்பார்கள், வயிற்றுத் தசை விறைத்தால் போர்ட் கைக்குத் தட்டுப்படும். டாக்டர் இரண்டு விரலால் அதன் விளிம்பைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, ஸ்பிரிட் பஞ்சு சில்லென்று பட்ட இடத்தில் ஊசியை நேராக இறக்குவார். சுருக்கென்று ஒரு குத்து, பிறகு அடியில் ஏதோ தட்டி நிற்கிற மாதிரி ஒரு அழுத்தம். பலரும் முதலில் உள்ளே இருப்பதை இழுத்து அளந்து பார்ப்பார்கள், போன தடவை ஏற்றிய அளவு அப்படியே இருக்கிறதா என்று. அப்புறம் அரை மில்லியோ ஒரு மில்லியோ கூட்டுவார்கள். பேண்டின் அளவைப் பொறுத்து மொத்தம் 4 மில்லி பிடிப்பதும் உண்டு, 14 மில்லி பிடிப்பதும் உண்டு, அதனால் அடுத்தவருக்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. போர்ட் ஆழத்தில் இருந்தாலோ சாய்ந்திருந்தாலோ எக்ஸ்ரே திரையில் பார்த்துக் குத்துவார்கள். முடிந்ததும் எழுந்து உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் தருவார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும். தண்ணீர் நெஞ்சில் நின்று மெதுவாக இறங்குவது நமக்கே தெரியும். இறங்காமல் திரும்பி வந்தால் அங்கேயே கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் நன்றாக இறங்குகிறது என்று உறுதியாகும் வரை அந்த இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். ராமநாதபுரம் தாண்டி பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரைக்குப் போய் வருகிற நமக்கு, வீட்டுக்கு வந்து சேர்ந்தபிறகு அடைப்பு தெரிந்தால் அந்த இரவு முழுக்கக் கஷ்டம்.

ஃபில் போட்டதும் ஓரிரண்டு நாள் நீராகாரம், அப்புறம் இரண்டு மூன்று நாள் மசித்தது, பிறகு வழக்கமான சாப்பாடு. டாக்டருக்கு டாக்டர் நாள் கணக்கு மாறும், உங்களுக்குச் சொன்னதைக் கேளுங்கள். இளநீர், வடித்த கஞ்சி, ரசம் எல்லாம் ஆகும். மசித்த சாப்பாட்டுக்கு நம்ம ஊரில் குறையே இல்லை, ஆணத்தில் வெந்த மீனை முள் எடுத்துப் பிசைந்தாலே போதும், புரதமும் சேர்கிறது. இறுக்கம் அன்றைக்கே முழுதாகத் தெரியாது, சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் தெரியும். காலையில் அதிகமாகவும் சாயங்காலம் குறைவாகவும் இருப்பது சகஜம், காலை இட்லி நெஞ்சில் நிற்கிறதே என்று பதற வேண்டாம், முதலில் வெதுவெதுப்பாக ஏதாவது குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்து எல்லோருக்கும் தகராறு செய்வது புரோட்டா, குழைந்த சோறு, கணவாய், நார் நாரான கறி. சின்ன வாய், கூழாகும் வரை மெல்லணும், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். சோடா, கலர் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, தொண்டையில் மீன் முள் மாட்டினால் சோற்றை உருண்டையாக உருட்டி விழுங்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். பேண்ட் இருக்கிறவருக்கு நெஞ்சில் சாப்பாடு அடைத்து நிற்கும்போது உம்மா பாசத்தில் அதையே சொல்வார்கள், அல்லது மடமடவென்று தண்ணீர் குடி என்பார்கள். இரண்டும் கூடாது. மேலே போடப் போட அந்தச் சின்னப் பை விரிந்து வலி கூடும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடங்கள், பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். இறுக்க இறுக்க எடை இறங்கும் என்று நினைக்காதீர்கள். என்னை விட இளைய ஒருவர், ஊருக்கு லீவில் வந்தவர், காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) நான் முழுசா இறுக்கிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்றார். அவரை உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. டாக்டர்கள் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று நிறத்தில் விளக்குவார்கள். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பசித்தால் மஞ்சள், ஃபில் தேவை. கொஞ்சம் சாப்பிட்டு நாலு மணி நேரம் நிம்மதியாக இருந்தால் பச்சை, அங்கே யாரும் கை வைக்க வேண்டியதில்லை. சாப்பாடு எதிர்த்து வருகிறது, ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது, இருமல் எழுப்பிவிடுகிறது என்றால் அது சிவப்பு. சிவப்பில் இருக்கிறவருக்கு எடை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும், இதை நம்ப மறுக்கிறார்கள். மீனும் காய்கறியும் இறங்காதபோது மனுஷன் இறங்குவதைத் தேடிப் போவான். நம்ம ஊர்த் தொதல் வாயில் வைத்தால் கரைகிறது, வட்டிலப்பம் வழுக்கிக்கொண்டு போகிறது, ஐஸ்கிரீம், சர்பத், கருப்பட்டிக் காப்பி எதையும் வளையம் தடுக்காது. இறுக்கமான பேண்டோடு பல மாதம் ஓட்டினால் உணவுக்குழாய் விரிந்துபோகவும் இடம் உண்டு. கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ குறைந்தால் பேண்ட் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

நோன்பு காலத்தைத் தனியாகச் சொல்லணும். ரமலானுக்கு ஒட்டி முன்னால் ஃபில் போடாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நாள் முழுக்க வறண்ட தொண்டையோடு நோன்பு திறக்கும்போது தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கத்தான் கை போகும், பேண்ட் அதற்கு விடாது. நோன்புக் கஞ்சியைக் கூட கரண்டி கரண்டியாகத்தான் எடுக்கணும். இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவில் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருந்தால்தான் உடம்பில் நீர்ச்சத்து நிற்கும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்காதீர்கள், சாப்பாடு குறையும்போது மாத்திரை அளவும் மாற வேண்டும்.

வெளிநாட்டில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிடுங்கள். என்ன கம்பெனி பேண்ட், என்ன அளவு, இதுவரை எத்தனை மில்லி ஏற்றியிருக்கிறது, கடைசி ஃபில் எப்போது, இதெல்லாம் எழுதிய காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். இன்று எல்லா இடத்திலும் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் ஆபரேஷன்தான் அதிகம், பேண்ட் வைப்பது ரொம்பக் குறைந்துவிட்டது, அதனால் ஃபில் போடப் பழகியவர் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்க மாட்டார். பக்கத்தில் எங்காவது சாதாரண ஊசியை வைத்துப் போர்ட்டில் குத்த விடவே விடாதீர்கள். அதற்கென்று ஹூபர் ஊசி இருக்கிறது, சிலிகானைத் துண்டு பெயர்க்காமல் நுழைவது. சாதாரண ஊசி போர்ட்டின் மூடியைக் கிழித்து ஒழுக வைத்துவிடும், அப்புறம் போர்ட்டை மாற்ற இன்னொரு ஆபரேஷன். மதுரைக்கோ சென்னைக்கோ கிளம்பும் முன் போன் போட்டு, பேண்ட் பார்க்கிற டாக்டர் இருக்கிறாரா, ஹூபர் ஊசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

சில விஷயங்களுக்கு அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது. எச்சில் கூட விழுங்க முடியாமல் மணிக்கணக்கில் போனால், ஃபில் எதுவும் போடாமலே திடீரென்று இறுகினால், வயிற்றில் கடுமையான வலி வந்தால் அன்றைக்கே போங்கள், பேண்ட் நழுவியிருக்கலாம். போர்ட் இருக்கிற இடம் சிவந்து சுட்டாலும் அப்படித்தான். இருந்த இறுக்கம் ஒரே நாளில் காணாமல் போய் பழையபடி பசித்தால் எங்கோ ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பேண்ட் வைத்த பெண்கள் கர்ப்பமானதும் மகப்பேறு டாக்டரிடம் முதல் தடவையே சொல்லிவிடுங்கள், வாந்தி அதிகமாக இருந்தால் சலைனை எடுத்துத் தளர்த்தி வைப்பார்கள், பிள்ளை பிறந்த பிறகு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.