அளவு தாண்டினால் வேலை போச்சு

மார்ச் 9, 2025, ஞாயிறு

மன்னார்குடியிலிருந்து அக்கா போன். அவள் மகனுக்கு ஜப்பானில் வேலை கிடைத்துவிட்டதாம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, திருப்பூர், ஓசூர் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியவன். ஏஜென்ட் கொடுத்த தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "ஊரார் பேப்பரையெல்லாம் படிக்கிறவ நீதானே, இதையும் கொஞ்சம் பாரு" என்றாள். திருவாரூரில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. மனு டைப் அடிப்பது, நலவாரியப் படிவம் நிரப்புவது, விபத்து இழப்பீட்டுக்கு ஆவணம் சேர்த்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு.

"கட்டுமானமும் அது சார்ந்த பணிகளும்" என்று போட்டிருக்கிறது. எந்த ஊர் என்று இல்லை. சம்பளம் யென்னில் பெரிதாக அச்சாகியிருக்கிறது, பிடித்தம் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. சம்பளம் யார் கையிலிருந்து வரும் என்பதும் தெளிவாக இல்லை. இரண்டு கம்பெனிப் பெயர்கள், நடுவில் ஒரு 'மேற்பார்வை அமைப்பு'.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நல்ல சேதி சொன்னால் நல்லதாகத்தான் பதில் வரணும் அவளுக்கு.

மார்ச் 11, செவ்வாய்

ஜப்பானில் சுனாமி அடித்து ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து 14 வருடம். கறுப்பு அலை வயலுக்குள் ஏறி வருவதை அன்று டிவியில் காட்டியபோது நாகப்பட்டினத்தில் எத்தனை வீட்டில் டிவியை அணைத்திருப்பார்களோ.

ராத்திரி கடையை மூடிவிட்டு, அந்த அணு உலையில் வேலை செய்தவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் சில வாரம் உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு இரண்டு வேளைதான். காலையில் பிஸ்கட்டும் காய்கறிச் சாறும், ராத்திரி அவசரகாலப் பொட்டலச் சோறு. தூங்கியது தரையில். வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'ஃபுகுஷிமா ஐம்பது பேர்' என்று பெயர் சூட்டி வீரர்களாக்கின. உள்ளே வந்துபோனவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களில் பலர் உலையை நடத்திய மின்நிறுவனத்தின் சொந்த ஆட்களே இல்லை, ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள்.

மார்ச் 14 அன்று அரசு ஒரு காரியம் செய்தது. அவசரகாலத்தில் ஒரு தொழிலாளி வாங்கலாம் என்றிருந்த கதிர்வீச்சு அளவு 100 மில்லிசீவர்ட். அதை 250 ஆக்கினார்கள். சாதாரணக் காலத்தில் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு வருடத்துக்குச் சராசரி 20 என்பதுதான் உலக வழக்கம், நம் நாட்டிலும் அதேதான். ஒரே நாளில் மனித உடம்பு கெட்டிப்பட்டுவிடவில்லை. 100-லேயே நிறுத்தினால் உள்ளே அனுப்ப ஆள் மிஞ்சாது என்ற கணக்குத்தான்.

பத்து நாள் கழித்து, மூன்றாம் உலையின் டர்பைன் கட்டடத்தில் கேபிள் போடப் போன மூன்று பேர் கதிரியக்கத் தண்ணீரில் நின்று வேலை பார்த்தார்கள். இரண்டு பேர் காலில் கணுக்கால் உயர ஷூதான், தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. உடம்பில் மாட்டியிருந்த கதிர்வீச்சு அளவுக் கருவி கத்தியிருக்கிறது. கருவிதான் கெட்டுப்போச்சு என்று நினைத்து வேலையை முடித்திருக்கிறார்கள். மூவரும் ஒப்பந்த ஆட்கள்.

மார்ச் 16, ஞாயிறு

பையன் நேரில் வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பேச்சை எடுக்கவில்லை.

அப்புறம் வியட்நாம்காரன் கதையைச் சொன்னேன். கட்டுமான இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம் என்று தொழில் பயிற்சித் திட்டத்தில் 2015-இல் ஜப்பானுக்கு வந்த ஆள். ஃபுகுஷிமா மாவட்டத்தில் கதிரியக்கம் படிந்த மண்ணைச் சுரண்டும் வேலையில் விட்டுவிட்டார்கள். எதற்காகச் சுரண்டுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வேலைக்கு அரசு நாளொன்றுக்கு 6,600 யென் தனிப் படி வைத்திருந்தது. அவன் கைக்கு வந்தது 2,000. 2018-இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான், பயிற்சி என்ற பெயரில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது என்று அரசு சொன்னது. அடுத்த வருடமே மின்நிறுவனம் புது விசா வகையில் வெளிநாட்டு ஆட்களை அணு உலை வளாகத்துக்குள் எடுக்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது.

"எல்லாம் பழைய கதை சித்தி. இப்ப அப்படி இருக்காது."

இருக்காமலும் போகலாம். பெரும்பாலும் இவனை ஏதாவது பாலம் கட்டும் இடத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் அந்தத் தாளில் ஊர்ப் பெயர் இல்லை.

அடுக்கடுக்கான ஒப்பந்தத்தைப் பற்றி அவனுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஓசூரில் அவனே நாலாவது கைக்குக் கீழே வேலை பார்த்தவன். ஃபுகுஷிமாவில் மேலே மின்நிறுவனம், அதன் கீழே பெரிய கட்டுமானக் கம்பெனி, அதன் கீழே இன்னும் பல அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கை. யக்கூசா ரவுடிக் கும்பல்கள் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் எடுத்து, சிலர் கைதும் ஆனார்கள். செண்டாய் ரயில் நிலையத்தில் படுத்துக்கிடந்த வீடில்லாதவர்களைத் தட்டி எழுப்பி வேலைக்குக் கூட்டிப்போனதை 2013 கடைசியில் ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. சாப்பாடு, தங்குமிடம் என்று பிடித்தது போக சிலர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையாம்.

ஆனால் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தது ஈயத் தகட்டுக் கதைக்குத்தான். 2011 டிசம்பரில் ஒரு துணை ஒப்பந்தக்காரர், ஆட்கள் உடம்பில் மாட்டியிருந்த அளவுக் கருவியை ஈயத் தகட்டால் மூடச் சொன்னார். கதிர் ஈயத்தைத் தாண்டுவது குறையும், கருவியில் எண் குறைவாக ஏறும். அடுத்த ஜூலையில் இது வெளியே வந்தது.

"ஏன் சித்தி? அவனுங்க உடம்புக்குத்தானே அந்தக் கருவி?"

சராசரி 20 என்றாலும், எந்த ஒரு வருடத்திலும் தாண்டக் கூடாத உச்ச அளவு 50 மில்லிசீவர்ட். அதைத் தொட்டால் அந்த வருடம் முழுக்க அணு உலைப் பக்கம் வேலை கிடையாது. நிரந்தர ஆள் என்றால் வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், சம்பளம் வரும். தினக்கூலிக்கு வந்தவனுக்கு வீட்டுக்குப் போ என்பதுதான் பதில். அதனால் முதலாளி மூடச் சொல்லாவிட்டாலும் தானே கருவியைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு உள்ளே போனவர்களும் உண்டு. உடம்பைக் காப்பாற்ற வைத்த எண், வயிற்றில் அடிக்கிற எண்ணாகிவிட்டது. அளவைக் குறை, கருவியைக் கூட்டு என்று எவ்வளவு பேசினாலும், அளவு முடிந்து வெளியே வருகிறவனுக்கு மீதி மாதச் சம்பளத்தை யார் தருவது என்று முடிவு செய்யாதவரை ஈயத் தகடு எங்காவது முளைத்துக்கொண்டே இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு நாளாக ஒரு பெரியவர் கடைக்கு வந்துபோகிறார். ஓய்வு பெற்ற தூய்மைப் பணியாளர். ஓய்வூதியத்தில் பழைய தினக்கூலிக் காலத்தைச் சேர்க்கச் சொல்லி மனு. எங்கெங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். "2004 கடைசியில நாகப்பட்டினம் போனோம்மா" என்றார்.

சுனாமிக்குப் பிறகு வெளியூர்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஆட்களில் ஒருவர். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இடிபாடுகளுக்குள்ளிருந்து உடல்களை எடுத்தது யார் என்று கேட்டால், ராணுவம், தொண்டர்கள், மீனவர்கள் என்று பதில் வரும். பெரும்பகுதி எடுத்தது இவர்கள். எந்தச் சாதிக்காரர்களை அந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"கையுறை கொடுத்தாங்களா?"

"மூணாம் நாள் வந்துச்சும்மா. அதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சுபோச்சு. ரப்பர் கையுறைய போட்டுக்கிட்டு கம்பிய இழுக்கவும் முடியல."

ராத்திரி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை. பக்கத்து டீக்கடையில் தூக்குவாளியை வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்களாம், நாற்றம் என்று. 2012-இல் ஜப்பானில் ஒரு ஆய்வு வந்தது. ஃபுகுஷிமா உலை ஊழியர்களின் மனம் சிதைந்ததற்கு, அலையையும் வெடிப்பையும் பார்த்த பயத்தோடு, ஊரார் அவர்களை ஒதுக்கி ஏசியதும் காரணம் என்று கண்டார்கள். பெரியவரைக் கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்பார்.

கஜா புயலின்போது கம்பம் நட வந்த மின்வாரிய ஆட்களுக்கு ஊர் ஊராகச் சோறு ஆக்கிப் போட்டோம். அது நியாயம்தான், உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். அதே நாட்களில் குப்பை அள்ள வந்தவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

அவர் நாகையில் வேலை பார்த்ததற்கு ஆதாரம்? ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மஸ்டர் ரோலில் கைநாட்டு வைத்ததாகச் சொல்கிறார். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் அந்த வருடப் பதிவேடு இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

கரண்ட் இல்லாத மதியம். அன்றைய சோவியத் யூனியனில் இருந்த செர்னோபில் அணு உலை பற்றிச் சேர்த்து வைத்திருந்த பிரிண்ட்டுகளை எடுத்தேன்.

1986 ஏப்ரல் 26-இல் நாலாம் உலை வெடித்தது. துப்புரவுக்கு அனுப்பப்பட்டவர்களை 'லிக்விடேட்டர்' என்றார்கள். கணக்கில் வந்தவர்கள் மட்டும் சுமார் 6 லட்சம் பேர். தீயணைப்பாளர்கள், சிப்பாய்கள், ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், வெல்டர்கள். உலைக்கு அடியில் சுரங்கம் தோண்ட வந்த துலா, தொன்பாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் சூடு தாங்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோண்டினார்கள். அங்கே வைக்க நினைத்த குளிர்விக்கும் கருவி கடைசிவரை தேவைப்படவே இல்லை. கடுங்கதிர் நோய் 134 பேருக்கு உறுதியானது, 28 பேர் அந்த வருடத்துக்குள்ளேயே போய்விட்டார்கள்.

கூரை வேலைதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெடிப்பில் சிதறிய கிராஃபைட் துண்டுகளைத் தள்ளிவிட மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரோபோ வந்தது. கூரையில் இருந்த கதிர்வீச்சில் அது செயலிழந்தது. பிறகு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பினார்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள், ராணுவ ரிசர்வ் பட்டியலிலிருந்து கூப்பிட்டவர்கள். 'உயிர் ரோபோக்கள்' என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொண்டார்கள். உடம்பில் ஈயத் தகடுகளைக் கட்டிக்கொண்டு ஓடி, இரண்டொரு மண்வெட்டி அள்ளி விளிம்புக்கு வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். 40 நொடியிலிருந்து இரண்டு மூன்று நிமிடம். அதோடு பலருக்கு ஆயுள் அளவு முடிந்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அளவை எழுதிய விதம். முதல் வருட வரம்பு 25 ரெம், இன்றைய கணக்கில் 250 மில்லிசீவர்ட். எல்லோருக்கும் தனிக் கருவி கிடையாது. பத்துப் பேர் போனால் ஒருவரிடம் இருக்கும், அவர் எண்ணே பத்துப் பேருக்கும். சில இடங்களில் அதுவும் இல்லை, இவ்வளவு நேரம் அங்கே இருந்தான், ஆகவே இவ்வளவு என்று போட்டார்கள். வரம்பைத் தொட்டவரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும், புது ஆள் பிடிக்க வேண்டும். பேனா பிடித்தவர் என்ன எழுதுவார் என்று ஊகிக்க முடியாதா?

பின்னால் மருத்துவம், ஓய்வூதியம், வீடு எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான். சோவியத் யூனியன் உடைந்து 15 நாடுகளானதும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். புர்தோவ் என்ற ரஷ்யர் 1986 அக்டோபரிலிருந்து அடுத்த ஜனவரி வரை அங்கே இருந்தவர். உடம்பு கெட்டதற்கு அதுதான் காரணம் என்று 1991-லேயே மருத்துவக் குழு எழுதிக்கொடுத்தது. இழப்பீட்டுக்கு வழக்குப் போட்டு ஜெயித்தார், பணம் வரவில்லை. நிதி இல்லை என்றது அரசு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2002-இல் ஜெயித்தார். ரஷ்யாவுக்கு எதிராக அந்த நீதிமன்றம் கொடுத்த முதல் தீர்ப்பே அதுதான். பிறகும் வரவேண்டிய பணம் நேரத்துக்கு வரவில்லை, 2009-இல் இன்னொரு தீர்ப்பு. ஜெயித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன், அதனால் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, அக்கா வீடு. அத்தான் நிலம் வைத்திருப்பவர். ஃபுகுஷிமாவில் வயலின் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டருக்கு வழித்தெடுத்துக் கறுப்பு மூட்டையில் கட்டி அடுக்கினார்கள் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "மேல்மண்ணையா? அப்புறம் அதுல என்ன விளையும்?" சுரண்டியவர்கள் பாடு அவருக்கு இரண்டாவதுதான். குறை சொல்ல மாட்டேன், இந்த மண்ணில் பிறந்தவருக்கு முதலில் மண்தான் கண்ணில் படும்.

யமதா என்ற ஓய்வுபெற்ற பொறியாளரைப் பற்றியும் சொன்னேன். 2011-இல் அவருக்கு 72 வயது. புற்றுநோய் வர இருபது முப்பது வருடம் ஆகும், அதற்குள் நாங்கள் எப்படியும் போய்விடுவோம், இளைஞர்களை விட்டுவிட்டு எங்களை அனுப்புங்கள் என்று அறுபது தாண்டியவர்களைத் திரட்டினார். உலை வேலை கடைசிவரை அவர்கள் கைக்கு வரவில்லை. அத்தான் சிரித்தார்: "நம்ம ஊர்ல கேட்டா நூறு நாள் வேலைக்கு வர்ற கிழவிங்களத்தான் அனுப்புவான்."

ஏப்ரல் 26, சனி

ஏஜென்ட்டுக்குப் பையன் பெயரில் நான்கு கேள்வி எழுதி அனுப்பியிருந்தோம். வேலை எந்த மாவட்டம், சம்பளம் தரும் கம்பெனி எது, கதிரியக்கம் உள்ள இடமா, இருந்தால் அளவுப் பதிவேட்டின் நகல் கையில் கிடைக்குமா.

கடைசிக் கேள்வியை வைத்ததற்குக் காரணம் உண்டு. 2015 அக்டோபரில் ஜப்பான் அரசு முதல் தடவையாக ஒரு ஃபுகுஷிமா தொழிலாளியின் ரத்தப் புற்றுநோய்க்கு இழப்பீடு ஒப்புக்கொண்டது. அவர் மொத்தம் வாங்கியது 20 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வருடத்துக்கு 5 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வாங்கியிருந்து, வேலையில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து நோய் வந்தால் கொடுக்கலாம் என்பது 1976-லிருந்து அங்கே இருக்கும் விதி. கதிர்வீச்சுத்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று அதிகாரிகள் கூடவே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பணம் வந்தது, ஏனென்றால் அவர் எண் ஒரு பதிவேட்டில் இருந்தது. ஈயத் தகட்டுக்குள் கருவியை வைத்தவருக்கு நாளைக்கு நோய் வந்தால் அந்த 5 எங்கே இருக்கும்?

ஏஜென்ட் இன்று குரல் செய்தி அனுப்பினார். கதிரியக்கம் எல்லாம் கிடையாதாம், மாவட்டம் அங்கே போனதும் தெரியுமாம், "இவ்வளவு கேள்வி கேக்குறவங்களுக்கு வேற கேண்டிடேட் இருக்காங்க" என்றும் ஒரு வரி. அக்கா என்னோடு பேசவில்லை. பையன் முன்பணம் கட்டும் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கேட்டிருக்கிறான். அதுவரை ஊர்ப் பெயரை எழுத்தில் கொடுத்தால் போவானாம். கொடுத்தால் நானும் தடுக்கப் போவதில்லை.

பெரியவருடைய மனுவைத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு மாற்றி எழுதிவிட்டேன். 2004 டிசம்பர் முதல் 2005 பிப்ரவரி வரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்ட தினக்கூலிகளின் மஸ்டர் ரோல் நகல், இல்லையென்றால் அது எந்த உத்தரவுப்படி எப்போது அழிக்கப்பட்டது என்ற விவரம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாச்சு. திங்கட்கிழமை அவர் வந்து கையெழுத்துப் போட்டதும் பதிவுத் தபாலில் போகும்.