வாய்மொழித் தேர்வில் ஒரு பதில்

“இந்த ஆய்வேட்டில் கவிதை எங்கே இருக்கிறது?” என்று நான் கேட்டபோது, அந்த மாணவர் சற்றும் தயங்காமல், “சட்டையில் இருக்கிறது சார்” என்றார். குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். புறத்தேர்வாளராகப் போன இடங்களில் இதைவிட விசித்திரமான பதில்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் இப்படி வீடுவரை கூடவே வந்ததில்லை.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. உணர்ச்சியையும் கற்பனையையும் முன்னிறுத்திய ரொமாண்டிசிசம் என்ற ஐரோப்பிய இலக்கிய இயக்கம் பிற்கால இளைஞர்களிடம் கவிதையாக அல்ல, உடையாகவும் தோரணையாகவுமே வந்து சேர்ந்தது என்பதுதான் அவருடைய வாதம். ஜெர்மானிய எழுத்தாளர் கேத்தேயின் வெர்தர் நாவல் 1774இல் வெளியானதும் இளைஞர்கள் அந்த நாயகனைப் போல நீலக் கோட்டும் மஞ்சள் வெயிஸ்ட்கோட்டும் அணிந்து திரிந்ததையும், மறு ஆண்டே லைப்சிக் நகரம் நூலோடு அந்த உடையையும் தடை செய்ததையும் அவர் தொடக்கமாக வைத்திருந்தார். அங்கிருந்து, ஆங்கிலக் கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்த போலிடோரி 1819இல் பைரனின் சாயலில் படைத்த ரத்தக்காட்டேரிப் பிரபு, 1931இல் டிராகுலா என்ற அதே வகைப் பிரபுவாகத் திரையில் தோன்றிய பெலா லுகோசி, அந்த நடிகரின் பெயரிலேயே 1979இல் பாடல் வெளியிட்ட பௌஹவுஸ் இசைக்குழு, அதைக் கேட்டுக் கறுப்பு உடுத்திய, ‘கோத்’ என்ற இருண்ட ராக் இசைப் பாணியின் இளைஞர்கள் என்று ஒரு கோடு இழுத்திருந்தார். கோடு என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் பைரனின் ஒரு வரிகூட அதில் இல்லை.

ஆகவே லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த இசை நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டேன். 1969 ஜூலை 5 அன்று, இரு நாட்களுக்கு முன் 27 வயதில் இறந்திருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் பழைய உறுப்பினர் பிரையன் ஜோன்ஸுக்காக, அக்குழுவின் பாடகர் மிக் ஜாகர், கவிஞர் கீட்ஸின் மறைவுக்கு ஷெல்லி எழுதிய இரங்கல் கவிதையான அடோனைஸிலிருந்து வாசித்தாரே, அங்கே ஒலித்தது மூலப் பாடம்தானே என்றேன். “அத்தனை பெரிய கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் கவிதை கேட்டிருக்காது சார், அவருடைய வெள்ளை உடை தெரிந்திருக்கும்” என்றார்.

மூலநூல் வாசிப்பு என்ற பகுதியில் மதிப்பெண்ணைக் குறைத்தேன். இலக்கிய ஆய்வேட்டில் இலக்கியத்தைக் கேட்பது அநியாயம் அல்ல. அவர் அடோனைஸைப் படித்திருந்தால், தன் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று இல்லை என்பது தெரிந்திருக்கும். கீட்ஸ் 1821இல், 25 வயதில், ரோமில் காசநோயால் இறந்தார். ஷெல்லியோ, ஒரு பத்திரிகையின் கொடூரமான மதிப்புரையே அவரை நோயில் தள்ளியது என்று அக்கவிதையின் முன்னுரையில் எழுதினார். மருத்துவம் பயின்ற கீட்ஸ், தம்பியை அதே நோய்க்குப் பறிகொடுத்தவர்; இருமலில் வந்த ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தே தம் முடிவைப் புரிந்துகொண்டவர். அந்த மனிதரை ஒதுக்கிவிட்டு, உலகத்தின் கல்நெஞ்சம் கொன்ற மென்மையான இளைஞன் என்ற உருவத்தைக் கவிதை முன்னே நிறுத்தியது. 1980இல் 23 வயதில் இறந்த ராக் பாடகர் இயன் கர்ட்டிஸையும், 1994இல் 27 வயதில் இறந்த இன்னொரு ராக் பாடகர் கர்ட் கோபேனையும் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த உருவத்துக்குள்தான் அவர்களை அடைக்கிறது. (அதே இயக்கத்தின் கவிஞர்தான் என்றாலும், 80 வயது வரை வாழ்ந்த வேர்ட்ஸ்வொர்த்தின் படத்தை எந்த ரசிகராவது தம் அறைச் சுவரில் ஒட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.)

இப்படி யோசிக்கும்போது என் பக்கம் வலுப்பதாகத்தான் தோன்றுகிறது: தோரணையே கவிதையிலிருந்து பிறந்தது, ஆகவே கவிதையைப் படிக்காமல் தோரணையை எழுத முடியாது. ஆனால் இதையே திருப்பிப் போட்டால், கவிதை சட்டையில் இருக்கிறது என்று அவர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஷெல்லியின் முன்னுரையை வகுப்பில் சொல்லி, அது மருத்துவ உண்மை அல்ல என்ற ஒற்றை வாக்கியத்தோடு நான் கடந்துவிடுவது வழக்கம். அந்தப் பொய் யார் யாருடைய உடலில் போய் ஏறியது என்று தேடியவர் அவர்.

பதிலுக்காகவே சற்றுக் கூட்டிக் கொடுக்கலாமே என்று உள்தேர்வாளர் கேட்டார். அதற்குப் படிவத்தில் பகுதி இல்லை என்றேன். இல்லைதான், இந்த ஆண்டு வந்த புதிய படிவத்திலும் இல்லை.