எந்த மாதத்தில் விலகுவது?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் மார்ச் மாதம் வந்துவிட்டால், ஆட்டத்தைப் பற்றிய பேச்சோடு சேர்ந்தே மூத்த பயிற்சியாளர்களைப் பற்றிய இன்னொரு பேச்சும் கிளம்பும். "இவர் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்?" என்பதுதான் அது. பெரும்பாலானவர்கள் பயிற்சியாளரின் வயதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தேறுவதில்லை. மஃபெட் மெக்ரா நோட்ரடேமை விட்டு விலகியபோது அவருக்கு 64 வயது, அயோவாவின் லிசா ப்ளூடருக்கு 63. ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வீர் 70 வயது வரை இருந்தார், ரட்கர்ஸின் விவியன் ஸ்ட்ரிங்கர் 74 வரை, டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் கேரி ப்ளேர் 76 வரை. கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியம்மா 71 வயதில் தன் 12ஆவது பட்டத்தை வென்றார்.

இந்தத் தலைமுறை வேலைக்கு வந்த விதம் வேறு. 1972இல், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தபிறகு, அணி என்ற பேர் மட்டும் இருந்து வேறு எதுவுமே இல்லாத காலத்தில் ஆரம்பித்தவர்கள் இவர்களில் பலர். பாட் சம்மிட் 1974இல் டென்னசியில் பொறுப்பேற்றபோது 22 வயது; மாதச் சம்பளம் 250 டாலர். வேனை ஓட்டியதும் அவரே, வீராங்கனைகளின் சீருடையைத் துவைத்ததும் அவரே. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ பெண்களுக்கான போட்டித்தொடரை நடத்தத் தொடங்கியதே 1981-82 சீசனில்தான். தன் கையாலேயே செங்கல் செங்கலாக அடுக்கிய வீட்டை விட்டு ஒருவர் எளிதில் வெளியேற மாட்டார். அதனால்தான் 'எப்போது போவார்' என்பதைவிட 'எப்படிப் போவார், எந்த மாதத்தில் சொல்வார்' என்பது கனமான கேள்வியாகிறது.

மாதம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வருடத்து வேலையைப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீராங்கனைகள் பெயர் பதியும் பட்டியல்: யார் போகிறார்கள், யாரை எடுப்பது என்று இரவும் பகலும் தொலைபேசி. ஜூனில் புது மாணவிகள் வந்து சேர்கிறார்கள், கோடைப் பயிற்சி தொடங்குகிறது. வாரத்துக்கு 8 மணி நேரம்தான் அனுமதி. ஜூலையில் பள்ளி மாணவிகளின் கிளப் போட்டிகளைப் பார்க்க ஊர் ஊராக அலைச்சல். செப்டம்பரில் வீடு தேடிப்போய்ப் பெற்றோருடன் பேச்சு. முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாட்களுக்குள் 30 பயிற்சிகள், சீசனில் வாரத்துக்கு 20 மணி நேர வரம்பு. நவம்பரில் அடுத்த வருட மாணவிகள் கையெழுத்துப் போடுகிறார்கள், அதே வாரங்களில் ஆட்டங்களும் தொடங்குகின்றன. இந்தச் சுழற்சியில் 'வேலை ஓய்ந்த நாள்' என்று ஒன்று கிடையாது. எந்த நாளில் விலகினாலும் யாராவது ஒருவரின் கையில் பாதி வேலை மிஞ்சும். யார் கையில் மிஞ்சட்டும் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அக்டோபரில் சொல்வது ஒரு வழி. கேரி ப்ளேர் 2021 அக்டோபரில், இந்த சீசனோடு போகிறேன் என்று அறிவித்தார். நேர்மையான முறை, ரசிகர்களுக்கும் எதிரணிகளுக்கும் விடைகொடுக்க நேரம் கிடைக்கும். ஆனால் அடுத்த மாதமே கையெழுத்துப் போட வேண்டிய பள்ளி மாணவிக்கு, தன்னை யார் பயிற்றுவிக்கப் போகிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. அணியில் இருப்பவர்களுக்கோ ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிரியாவிடை நிகழ்ச்சி. முந்தைய வருடம் தொடரில் இரண்டாம் தரநிலை பெற்ற அணி, அந்த சீசனை 14 வெற்றி 15 தோல்வியோடு முடித்துத் தொடருக்கே தகுதி பெறவில்லை. காரணம் அறிவிப்பு மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். அனுபவசாலிகள் பலர் படிப்பை முடித்துப் போயிருந்தார்கள். அறிவிப்பு அந்தக் காயத்துக்கு மருந்தாகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சீசன் முடிந்த கையோடு ஏப்ரலில் சொல்வதுதான் பரவலான வழக்கம். வான்டர்வீர் 2024 ஏப்ரல் 9 அன்று அறிவித்தார். 1,216 வெற்றிகள், மூன்று தேசியப் பட்டங்கள், ஸ்டான்ஃபோர்டில் மட்டும் 38 சீசன். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆண்கள் அணிப் பயிற்சியாளர் மைக் ஷிஷெவ்ஸ்கியின் 1,202 வெற்றிகளைத் தாண்டியிருந்தார். சில நாட்களில் அவரிடமே ஆடியவரும் நீண்டநாள் உதவியாளருமான கேட் பே தலைமைக்கு வந்தார். முறைப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் அது போர்ட்டல் திறந்திருந்த காலம். கேமரன் பிரிங்க் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்; கிகி இரியாஃபென் போர்ட்டல் வழியாக யுஎஸ்சிக்கு (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனார். அதற்குமேல், பேக்-12 கூட்டமைப்பு கலைந்து ஸ்டான்ஃபோர்ட் ஏசிசி கூட்டமைப்பில் சேர்ந்த முதல் வருடம் அது. கலிஃபோர்னியாவிலிருந்து அட்லாண்டிக் கரைக்குப் பறந்து பறந்து ஆட வேண்டும். 2024-25இல் 16 வெற்றி 15 தோல்வி. 1987க்குப் பிறகு முதன்முறையாக ஸ்டான்ஃபோர்ட் இல்லாமல் என்சிஏஏ தொடர் நடந்தது. புதியவரின் திறமையை அந்த ஒரு வருடத்தை வைத்து அளப்பது அநியாயம். தலைவர், உயரமான இரண்டு ஆட்டக்காரர்கள், ஆடும் கூட்டமைப்பு என்று அத்தனையும் ஒரே கோடையில் மாறினால் எந்த அணியும் தடுமாறும்.

மூன்றாவது வழி, மே மாதம். ப்ளூடர் 2024 மே 13 அன்று விலகினார், அன்றே ஜேன் ஜென்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த வருடப் போர்ட்டல் சாளரம் மே 1ஆம் தேதியே மூடியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணியின் வீராங்கனைகளுக்கு மட்டும் தனியாக 30 நாள் திறக்கும் என்பது அப்போதைய விதி. ஆனாலும் மே நடுவில் மற்ற அணிகளின் இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிட்டிருக்கும். கிளம்ப நினைப்பவர் எங்கே போவது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார். நட்சத்திர ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க் போன பிறகும், பெரிய பயிற்சியாளர் போன பிறகும், 2024-25இல் அயோவா 23 ஆட்டங்களை வென்று தொடரில் ஒரு சுற்றையும் தாண்டியது.

இதைப் பார்த்து 'மே மாதம்தான் சரி' என்று முடிவு கட்டுகிறவர்கள் ஒரு பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். உதவிப் பயிற்சியாளர்கள் என்ன ஆவார்கள்? அவர்களுடைய ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குத்தான். தலைவர் போனால், புதியவர் தன் ஆட்களோடு வருவார். இந்தத் துறையில் வேலைச் சந்தை ஏப்ரல் முதல் வாரம், கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரில், பயிற்சியாளர்கள் மாநாட்டின் ஓட்டல் வராந்தாக்களில்தான் கூடுகிறது. அங்கே காலியிடம் எது என்று தெரியும், கை குலுக்கியே பாதி வேலை முடியும். மே நடுவில் தெருவுக்கு வரும் உதவியாளருக்குச் சந்தையே கலைந்திருக்கும். வாடகை, பிள்ளையின் பள்ளி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த ஒரு தேதியில் தொங்கும். ஆகவே மே மாத விலகல் நியாயமாக இருக்க வேண்டுமென்றால், அடுத்தவர் உள்ளேயே இருக்க வேண்டும், அவருக்கு எழுத்தில் உறுதி தந்திருக்க வேண்டும். அயோவாவில் அது முடிந்ததற்குக் காரணம், ஜென்சன் ட்ரேக் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே ப்ளூடரின் பக்கத்தில் இருந்தவர். வெளியாள் வரப்போகிறார் என்று தெரிந்தும் மே வரை மௌனமாக இருப்பது கூட வேலை செய்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

வாய்ப்பேச்சு உறுதி எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு லூசியானா டெக் பல்கலைக்கழகம் ஒரு பாடம். கிம் மல்கி அங்கே 15 வருடம் லியான் பார்மோரின் கீழ் உதவியாளர். 2000இல் பார்மோர் விலக, இடம் மல்கிக்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் கேட்டது ஐந்து வருட ஒப்பந்தம், பல்கலைக்கழகம் தர முன்வந்தது நான்கு. மல்கி பேய்லருக்குப் போய்விட்டார். பார்மோர் திரும்பி வந்து மேலும் இரண்டு சீசன் நடத்த வேண்டியிருந்தது. பேய்லருக்கு மல்கி மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார், பிறகு எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஒன்று. ஒரே ஒரு வருட வித்தியாசத்தில் ஒரு அணியின் வரலாறே இடம் மாறியது. ஐந்தாவது வருடம் ஆள் சேர்க்கும் வேலைக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் புரிகிறது. பள்ளி முடித்து வரும் பெண் நான்கு வருடம் இருக்கப்போகிறாள். பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் நான்குக்குக் கீழே மிச்சம் என்றால், போட்டி அணிக்காரர்கள் அந்தப் பெண்ணின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லும் முதல் வாக்கியமே அதுதான்: "அவர் நீ முடிக்கும்வரை இருக்கமாட்டார்."

இதனால்தான் மூத்தவர்களின் ஒப்பந்த நீட்டிப்பை வைத்து ஓய்வு தேதியைக் கணிக்க முடியாது. ஆரியம்மா 2024இல் 2028-29 சீசன் வரை நீட்டித்தார். அதன் பொருள் 75 வயது வரை இருப்பார் என்பதல்ல. ஆள் சேர்க்கும் வேலைக்கு அந்தக் காகிதம் தேவை என்பதுதான். விலக விரும்பினால் ஒப்பந்தத்தில் அதற்கான வரிகள் இருக்கும். படிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கை அல்ல. ஓய்வுபெற்ற பின் ஆலோசகர் பதவி உண்டா, எத்தனை வருடம், உதவியாளர்களுக்கு ஈட்டுத்தொகை உண்டா என்ற பத்திகளை.

உண்மையான அடையாளங்கள் பயிற்சி அரங்கில்தான் தெரியும். எதிரணியைப் பற்றிய ஸ்கவுட்டிங் விளக்கத்தை யார் சொல்கிறார்? டைம்-அவுட்டில் பலகையில் கோடு போடுவது யார் கை? மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து முழுப் பயிற்சியையும் பார்த்துவிட்டு, கடைசி பத்து நிமிடம் மட்டும் எழுந்து பேசுகிறாரா? ஜூலை மாதப் பயணங்களை யார் செய்கிறார்? வீராங்கனையின் பெற்றோர் பிரச்சினை என்றால் முதலில் யாருக்கு அழைக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே உதவியாளரின் பேர் பதிலாக வரத்தொடங்கினால், இரண்டு வருடத்துக்குள் மாற்றம் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். கனெக்டிகட்டில் இந்தக் கணிப்பு சிக்கலாவதற்குக் காரணம் கிறிஸ் டெய்லி. 1985இல் ஆரியம்மாவோடு சேர்ந்து வந்தவர், நாற்பது வருடமாக அந்த வேலைகளில் பாதியைச் செய்துவருபவர். அங்கே இரண்டு நாற்காலிகளை ஒரே சமயத்தில் நிரப்ப வேண்டிவரலாம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது: இடையில் ஒரு வருடம் விலகி நிற்பது. 1995-96இல் வான்டர்வீர் அட்லாண்டா ஒலிம்பிக் அணிக்காக ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஒரு வருடம் விலகினார். ஏமி டக்கரும் மரியன் ஸ்டான்லியும் சேர்ந்து அணியை நடத்தி ஃபைனல் ஃபோர் வரை கொண்டுபோனார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் சூ செம்ராவ் தன் தாயாரைக் கவனிக்க 2020-21இல் விடுப்பு எடுத்தார். புரூக் வைகாஃப் இடைக்காலமாகப் பொறுப்பேற்றார். செம்ராவ் திரும்பி வந்து ஒரு சீசன் நடத்திவிட்டு 2022இல் ஓய்வுபெற, வைகாஃபே நிரந்தரமானார். யார் வரப்போகிறார் என்ற பதற்றம் அங்கே இல்லை. ஒரு வருடம் அவர் நடத்தியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனால் விடுப்பின் முடிவுத் தேதி தெரிந்திருக்க வேண்டும். ரட்கர்ஸில் ஸ்ட்ரிங்கர் 2021-22 முழுவதும் விடுப்பில் இருந்து, சீசன் முடிந்தபின் ஏப்ரல் கடைசியில்தான் ஓய்வை அறிவித்தார். அப்படிப்பட்ட வருடத்தில் தற்காலிகப் பொறுப்பாளருக்கு ஒரு பள்ளி மாணவியிடம் உறுதியாகச் சொல்ல எதுவுமே இருக்காது.

உடல்நலம் தேதியைத் தீர்மானித்தால் கதை வேறு. சம்மிட்டின் மறதி நோய் 2011 ஆகஸ்டில் வெளியே சொல்லப்பட்டது. அவர் மறைக்கவில்லை, அந்த சீசனை தன் நீண்டநாள் உதவியாளர் ஹாலி வார்லிக்கோடு பகிர்ந்து நடத்தி 2012 ஏப்ரலில் விலகினார். 1,098 வெற்றிகள், எட்டுப் பட்டங்கள். நோயைச் சொன்ன நாளிலிருந்து விலகிய நாள்வரை இருந்த அந்த எட்டு மாதங்கள், பொறுப்பைக் கைமாற்றிய விதத்தில் இந்த விளையாட்டு கண்ட மிகத் துணிச்சலான சீசன்.

விலகும் நாளையும் மணிக்கணக்கில் திட்டமிட வேண்டும். செய்தி கசிய அரை மணி நேரம் போதும். விளையாட்டுத் துறை இயக்குநருக்கு முன்பே தெரிந்திருக்கும். அன்று காலை முதலில் உதவியாளர்கள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. பத்து நிமிடத்துக்குள் வீராங்கனைகள், எல்லாரும் ஒரே அறையில், நேருக்கு நேர். ஊரில் இல்லாதவர்கள் காணொளியில் அதே நேரத்தில். அவர்கள் அறையை விட்டு வெளியே வருவதற்குள் கையெழுத்துப் போட்ட பள்ளி மாணவிகளின் வீடுகளுக்கு அழைப்பு போயிருக்க வேண்டும். ஒரு உதவியாளருக்கு இரண்டு வீடு என்று முந்தைய இரவே பிரித்துக்கொள்வது நல்லது. பத்திரிகைக் குறிப்பு அதற்குப் பிறகுதான். இந்த வரிசையில் பெரும்பாலும் தவறுவது மூன்றாவது படி, அந்த வீடுகளுக்குப் போக வேண்டிய அழைப்பு. தன் பயிற்சியாளர் போவதை ஒரு பெண் கைப்பேசித் திரையில் படித்துவிட்டால், அடுத்தவர் அவளிடம் பேசத்தொடங்குவதே மன்னிப்பில்தான்.

போனபின் எங்கே இருப்பது என்பதையும் பேசிவைக்க வேண்டும். மெக்ரா தொலைக்காட்சிப் பக்கம் போனார். அவருக்குப்பின் வந்த, அவரிடமே ஆடிய நீல் ஐவி முதல் வருடம் 10 வெற்றி 10 தோல்வி என்று தள்ளாடி, இரண்டாம் வருடம் கடைசி பதினாறுக்குள் வந்தார். வான்டர்வீர் ஸ்டான்ஃபோர்டிலேயே ஆலோசகரானார். என்ன பதவியானாலும் முதல் சீசனில் பயிற்சி அரங்கின் ஓரத்து நாற்காலியில் வந்து உட்காராமல் இருப்பது நல்லது. திட்டு வாங்கிய பெண் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்த நாற்காலியைத்தான். அழைத்தால் தொலைபேசியில் பேசலாம். டென்னசி ஆடுகளத்துக்குச் சம்மிட்டின் பெயர்தான். வார்லிக்கும், அவருக்குப்பின் சம்மிட்டிடமே ஆடி மூன்று பட்டம் வென்ற கெல்லி ஹார்ப்பரும் அந்தப் பெயரின் மேல் நின்றுதான் பயிற்சி கொடுத்தார்கள். 2019இல் ஒருவரும் 2024இல் மற்றவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2024இல் வந்த கிம் கால்ட்வெல், சம்மிட்டிடம் ஆடாதவர், அவரோடு வேலை பார்க்காதவர். சம்மிட் விலகி அதற்குள் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.