லிப் ஃபில்லருக்காக மலையிறங்குகிறவர்களுக்கு

கோத்தகிரியிலிருந்து கோவைக்குப் போய் லிப் ஃபில்லர், அதாவது உதட்டைப் பருமனாக்கும் கூழ் ஊசி, போட்டுக்கொண்டு வந்த அனுபவத்தில், உதட்டின் வடிவத்தைவிட முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஊசி போட்ட அன்று இரவு எங்கே தங்குவது.

ஜுவடெர்ம், ரெஸ்டிலேன் போன்ற ஃபில்லர் பிராண்டுகள் ஹயலுரோனிக் அமிலக் கூழ். நம் தோலிலேயே இருக்கும் பொருள், நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உதட்டில் சுமார் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும். பிடிக்கவில்லை என்றாலும், ஏதாவது கோளாறு வந்தாலும், ஹயலுரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம். சிலிக்கோன் திரவத்தில் இந்த வழி கிடையாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தொட வேண்டாம். ஊசியே இல்லாமல் அழுத்தத்தில் செலுத்தும் ஹயலுரான் பேனாவும் வேண்டாம். கூழ் எந்த ஆழத்தில் போய் நிற்கும் என்பது போடுகிறவர் கையில் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-லேயே இதை எச்சரித்திருக்கிறது.

சிரிக்கும்போது மேலுதடு உள்ளே மடிந்துவிடுவது மட்டும்தான் குறை என்றால் ஃபில்லரே தேவைப்படாது. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியில் நான்கைந்து யூனிட் வைத்து ‘லிப் ஃப்ளிப்’ செய்வார்கள். இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஆரம்பத்தில் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் விசிலடிப்பதும் சிரமமாகும்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தோல் மருத்துவத்தில் எம்.டி.யா, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச்.சா? சிரிஞ்சை என் கண்முன் பிரிப்பீர்களா, பேட்ச் எண் ஸ்டிக்கர் தருவீர்களா? ஹயலுரோனிடேஸ் இப்போது உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறதா, எத்தனை குப்பி? ‘தேவைப்பட்டால் வரவழைத்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் 1500 யூனிட் குப்பி ஒன்று போதாமல் போகலாம்.

முன்பு உதட்டோரத்தில் அக்கிக் கொப்புளம் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி குத்துவதே அதைக் கிளப்பிவிடும், மலை வெயிலும் கிளப்பும். முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதித் தருவார்கள். ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, மது ஆகியவை ரத்தக்கட்டைக் கூட்டும் என்பதால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. பல் சிகிச்சை இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தள்ளிப்போடுவதே நல்லது.

மாதத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் பாதை அடைபடும். ஜனவரி உறைபனியில் உதடு வெடித்திருக்கும், வெடித்த உதட்டில் ஊசி போட்டால் கிருமி நுழையும். ஏப்ரல், மே சீசனில் வாகன நெரிசல். பிப்ரவரி, மார்ச்தான் வசதி.

மரத்துப்போகும் களிம்பு தடவி அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பல ஃபில்லர்களில் லிடோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தும் கலந்திருக்கும், ஆனாலும் மேலுதட்டின் நடுவில் கண்ணீர் வரும். முதல் முறைக்கு அரை மி.லி. போதும். ஒரு மி.லி. சிரிஞ்ச் வாங்கிவிட்டோமே என்று முழுவதையும் ஏற்றச் சொல்லாதீர்கள். அளவு மீறினால் கூழ் உதட்டின் கோட்டைத் தாண்டி மேலே பரவும், மீசைப் பகுதி உப்பித் தெரியும்.

பயப்பட வேண்டியது வீக்கத்துக்கு அல்ல. வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும், ஒரு பக்கம் கூடுதலாகவும் இருக்கும். உதட்டுக்குள் ஓடும் தமனியில் கூழ் புகுந்தாலோ, வெளியிலிருந்து அதை நெருக்கினாலோதான் ஆபத்து. தோல் வெளுக்கும், பிறகு வலைபோல நீலம் பாயும், வலி ஏறிக்கொண்டே போகும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு மூன்று விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஐஸ் வைக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குளிர் பட்டால் குழாய் இன்னும் சுருங்கும். பெரும்பாலும் நாற்காலியிலேயே தெரிந்துவிடும், சில சமயம் சில மணி நேரம் கழித்தும் வரும். மரத்துப்போன உதட்டில் ஆரம்ப வலியும் தெரியாது. அதனால்தான் அன்று மாலையே மலையேறக் கூடாது என்கிறேன். நள்ளிரவில் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்ப இறங்கி வருவது யாராலும் ஆகிற காரியமில்லை. ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு, கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கி, மணிக்கொரு முறை கண்ணாடி பாருங்கள்.

வீடு திரும்பிய பின் சுடச்சுடத் தேநீர் வேண்டாம். வர்க்கியும் ஒரு வாரம் வேண்டாம், அதன் மொறமொறப்பு ஊசித் துளைகளைக் கீறும். தலையை உயர்த்திப் படுங்கள். உதட்டை அழுத்திப் பிசையாதீர்கள். சின்ன உருண்டைகள் தட்டுப்பட்டால் இரண்டு வாரம் பொறுங்கள், பல தானாகவே அமுங்கும். மறுபரிசோதனைக்குப் போகும்போது பேட்ச் ஸ்டிக்கரைக் கையோடு எடுத்துப் போங்கள். இன்னும் அரை மி.லி. வேண்டுமா என்பதை அன்றைக்குத்தான் முடிவு செய்ய வேண்டும், வீங்கியிருந்த மூன்றாம் நாள் முகத்தை வைத்து அல்ல.